கண்ணாடித் தொட்டியில் மென்பவளம்: துண்டைப் பற்றச் செய்தலும் பேணுதலும்

பயிர், கால்நடை, உரம், பாசனம் ஆகியவற்றையே பேசிவரும் இப்பக்கங்களில் சமுத்திரத்துப் பிராணியொன்றைக் குறித்து எழுதப் புகுவது நமது குடியானவர்களுக்கு வியப்பை அளிக்கலாம். ஆயினும் காரணமின்றி எழுத முற்படவில்லை. முருங்கைப் போத்தை நட்டு வேர்விடச் செய்கிறவரும், மல்லிகைக் கொடியைப் பதியமிடுகிறவரும், மாவை ஒட்டுக் கட்டுகிறவரும் செய்யும் அதே தொழிலைத்தான் பவளம் வளர்ப்போர் உப்பு ஜலத்தினுள் செய்கின்றனர். வெட்டிய துண்டு பற்றிக்கொண்டால் பிழைக்கும், பற்றாவிடில் அழுகும். பட்டணத்தில் படித்துத் திரும்பும் பிள்ளைகள் இத்தகைய தொட்டிகளைக் கிராமத்து வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறார்கள். தொட்டிக்கும் விளக்குக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு அற்பமன்று. முறை தெரியாமையால் வாங்கிய மாதத்திலேயே மடிந்துபோகும் ஜீவன்களும் அற்பமல்ல. அன்றியும், மன்னார் வளைகுடாக் கரையோரத்துக் கிராம அதிகாரிகள் இவ்விஷயத்தில் தெரிந்திருக்கவேண்டிய சட்டமும் ஒன்று உண்டு. அதனைப் பின்னே கூறுவோம்.

பவளம் செடியுமன்று, கல்லுமன்று, அது பிராணி. சிறு குழாய்போன்ற உடலும், அதன் உச்சியில் வாயும், வாயைச் சுற்றி விரல்போன்ற உணர்கொம்புகளும் உடைய இந்தச் சிற்றுயிரைப் பாலிப் என்பர். கற்பவளம் தனக்கடியில் சுண்ணாம்பினாலான கல் வீட்டைக் கட்டிக்கொள்கிறது. மென்பவளத்துக்கு அவ்வாறு வீடில்லை. அதன் தசையினுள் மணல்போன்ற சிறு சுண்ணாம்பு முட்கள் விரவிக்கிடக்கும், அவ்வளவே. மெய்யான மென்பவளங்களுக்கு உணர்கொம்புகள் எட்டு. அவை சீப்புப் பற்கள்போல் இருபுறமும் கிளைத்திருக்கும். பொத்தான்போல் கூட்டங்கூட்டமாய்ப் படரும் சோயாந்தஸ், பாலித்தோவா ஆகியவையும், காளான்போல் வட்டமாய் விரியும் டிஸ்கோசோமா முதலியவையும் சாஸ்திரப்படி வேறு வகுப்பைச் சேர்ந்தவை. ஆனால் வியாபாரிகள் எல்லாவற்றையும் மென்பவளம் என்றே விற்கின்றனர். வளர்ப்பு முறையும் ஏறக்குறைய ஒன்றாகையால், இங்கு நாமும் அவற்றைச் சேர்த்தே பேசுவோம்.

தொட்டியில் வளர்க்கப்படும் இவற்றுள் பெரும்பாலானவற்றின் உடலில் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தைக்கொண்டு ஆகாரம் சமைத்து, தனக்கு இடந்தந்த பவளத்துக்கும் கொடுக்கிறது; பவளம் தன் கழிவை அதற்கு உரமாய் அளிக்கிறது. பயற்றஞ்செடியின் வேர்முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிரை அறிந்த நமது விவசாயிகளுக்கு இந்த ஏற்பாடு புதிதாய்த் தோன்றாது. உஷ்ணம் மிகுந்தாலும் வெளிச்சம் திடீரென மாறினாலும் இந்த உறவு முறிந்துபோகிறது. பாசி வெளியேறப் பவளம் வெளுத்துவிடுகிறது. வெளுத்த உடனே அது சாவதில்லை, பட்டினி கிடக்கிறது. காரணம் நீங்கினால் சில வாரங்களில் மீளும், நீங்காவிட்டால் மடியும்.

கடலுக்கு வெளியே பவளத்தை உயிருடன் வைத்திருப்பது வெகுகாலம் இயலாததென்றே எண்ணப்பட்டது. நியூ கலிடோனியாத் தீவின் நூமேயா நகரில் ரெனே கத்தாலா என்பவர் 1956-ஆம் ஆண்டில் திறந்த காட்சிசாலையில், கடல் ஜலத்தை இடைவிடாது உள்ளே பாய்ச்சிப் பவளங்களை வளர்த்துக் காட்டினார். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவரோ இன்னும் எளிய வழியைக் கண்டார். பாரிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளைத் தொட்டியிலிட்டு, காற்றுக்குமிழி மட்டும் விட்டு, ஜலத்தின் அழுக்கைப் பாறையிலுள்ள நுண்ணுயிர்களே நீக்கும்படி விட்டுவிடுவது அவர் முறை. அதனை 1961-இல் பிரசுரித்தார். பிற்பாடு பெர்லின் நகரத்து வளர்ப்பாளர்கள் அதே உயிர்ப்பாறையோடு, நுரையாய்ப் பிரித்து அழுக்கெடுக்கும் கருவியையும் பலமான விளக்கையும் சேர்த்தனர். இன்று வீடுகளிலுள்ள தொட்டிகள் யாவும் ஏதோ ஒருவகையில் இம்முறைகளின் வழிவந்தவையே.

முதலில் ஜலத்தைக் கவனிக்கவேண்டும். கிணற்று ஜலத்தையோ குழாய் ஜலத்தையோ அப்படியே உபயோகிப்பது தவறு. உரமிட்ட நிலத்தை அடுத்த கிணறுகளில் நைட்ரேட்டு மிகுந்திருக்கும்; பித்தளை, செம்புக் குழாய்களின் வழியே வரும் ஜலத்தில் செம்பு கலந்திருக்கும். சவ்வூடு பரவல் முறையில் சுத்திசெய்த ஜலத்தில், இதற்கென விற்கப்படும் கடலுப்பைக் கரைத்து, ஆயிரம் பங்குக்கு 35 பங்கு உப்பு இருக்குமாறு அமைத்தல் வேண்டும். சமையல் உப்போ உப்பளத்து உப்போ இதற்கு உதவா; கடல் ஜலத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உப்பு விளையும்போதே பெரும்பகுதி பிரிந்துபோய்விடுகின்றன. சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியம் லிட்டருக்கு 400 முதல் 450 மில்லிகிராம் வரை இருப்பது நலம்.

புதிதாய் நிரப்பிய தொட்டியில் அன்றே பவளத்தை வைக்கலாகாது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பாறையிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரங்கள் செல்லும். நமது வயலின் மண்ணிலும் அமோனியம் சல்பேட்டு இவ்வாறே மாறுகிறது. அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இல்லையென்று பரிசோதனையில் தெரிந்த பிறகே முதற் பவளத்தை வாங்கவேண்டும். நைட்ரேட்டு மட்டும் முற்றிலும் இல்லாமற் போவது மென்பவளத்துக்கு நல்லதன்று. கண்ணாடிபோல் தெளிந்து சத்தற்ற ஜலத்தில் அவை மெலிகின்றன; லிட்டருக்கு 5 முதல் 15 மில்லிகிராம் வரை இருப்பதால் கெடுதி இல்லை.

நமது நாட்டில் தொட்டிகளைக் கெடுப்பது பெரும்பாலும் உஷ்ணமே. 24 முதல் 27 சென்டிகிரேடு டிகிரி வரை பவளத்துக்கு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டிப் பல நாள் நின்றால் வெளுக்கத் தொடங்கும். ஜலத்தின் மேற்பரப்பில் காற்றாடி வீசச் செய்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அவ்வாறு வீசும்போது ஜலம் ஆவியாகிறது. உப்போ தொட்டியிலேயே தங்குகிறது. குறைந்த ஜலத்துக்கு ஈடாக உப்பு ஜலத்தையே ஊற்றிவந்தால், வடிகாலில்லாத நிலம் உவர் பூப்பதுபோல் தொட்டியும் நாளடைவில் உவர்த்துப்போம். ஈடுசெய்வதற்கு உப்பில்லாத சுத்த ஜலத்தையே தினந்தோறும் சிறிது சிறிதாய் விடவேண்டும். மின்சாரம் நின்றால் ஜலவோட்டமும் நின்று பிராணவாயு குறையும். கலத்தினால் ஓடும் காற்றுக் கருவி ஒன்றைத் தயாராய் வைத்திராத கிராமத்து வீடுகளில் இத்தொழிலைத் தொடங்காமலிருப்பதே மேல்.

செம்பு என்னும் நஞ்சைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. பூசணத்துக்கு நாம் தெளிக்கும் போர்டோ கலவையில் சேரும் மயில்துத்தம் பவளத்துக்குக் கொடிய விஷம். மீனுக்கு நோய் கண்டபோது கடைக்காரர் கொடுக்கும் மருந்துகள் பலவற்றிலும் செம்பே உள்ளது. அவற்றைப் பவளமுள்ள தொட்டியில் விடவே கூடாது. மீனை வேறு பாத்திரத்துக்கு மாற்றி வைத்தியம் செய்யவேண்டும். வயலில் மருந்தடித்துவிட்டு வந்த கையைத் தொட்டியில் இடுவதும், தொட்டியுள்ள அறையில் கொசு மருந்து தெளிப்பதும் இதைப்போன்ற பிழைகளே.

இனி, துண்டைப் பற்றச் செய்யும் முறைக்கு வருவோம். எல்லா மென்பவளத்துக்கும் ஒரே முறை பொருந்தும் என்று நினைப்பதிலிருந்தே பெரும்பாலான சேதங்கள் விளைகின்றன. முருங்கைக்குப் போத்தும் மல்லிகைக்குப் பதியமும் என்று நாம் பிரித்தறிவதுபோல் இங்கும் பிரித்தறியவேண்டும்.

சார்கோஃபைட்டான், சினுலேரியா முதலியவற்றின் மேற்பரப்பு தோல்போல் இருப்பதால் அவற்றைத் தோல்பவளம் என்பர். வெட்டினாலும் தொட்டாலும் இவை வழுவழுப்பான கோழையைச் சுரக்கின்றன. பசை தடவிப் பாறையில் ஒட்டினால், பசை கோழையைத்தான் பற்றும், பவளத்தைப் பற்றாது. மறுநாள் காலையில் துண்டு தொட்டியின் மூலையில் உருண்டுகிடக்கும். அதற்கு வழி யாதெனில், கூரிய கத்தியால் ஒரே வெட்டாகத் துண்டித்து, வேறொரு பாத்திரத்திலுள்ள கடல் ஜலத்தில் கோழை நீங்க அலசி, அடித்தண்டின் குறுக்கே பல் குத்தும் குச்சியொன்றைச் செருகி, குச்சியின் இரு முனைகளையும் ரப்பர் வளையத்தால் சிறு கல்லோடு சேர்த்துக் கட்டுவதே. துண்டின்மேல் வளையத்தைப் போட்டு இறுக்கினால் அது தசையை அறுத்துக்கொண்டு வெளிவந்துவிடும். கட்டு குச்சியின்மேல் இருக்கவேண்டும், தசையின்மேல் அன்று. ஒட்டுக் கட்டுகிறவர் நார் இறுகிப் பட்டை வெட்டுப்படாமல் பார்ப்பதைப்போன்ற நிதானம் இங்கும் வேண்டும். அடிப்பாகம் கல்லின்மேல் படிந்து பற்ற ஏறக்குறைய 2 வாரம் பிடிக்கும். அதன்பின் வளையத்தை நறுக்கிவிட்டுக் குச்சியை மெல்ல உருவிவிடலாம். வெட்டுவாய் சில நாட்களில் தானே மூடிக்கொள்கிறது. தாய்த் தண்டும் புதிதாய்த் தளிர்த்துக் குடை விரிக்கும்.

காளான்போன்ற வகைக்குக் கட்டும் உதவாது, பசையும் உதவாது. அகலமான தாழ்ந்த பாத்திரமொன்றில் சிறு சிப்பித் துணுக்குகளையும் பாறைத் துணுக்குகளையும் பரப்பி, துண்டுகளை அவற்றின்மேல் வைத்து, கண்ணறை பெரிதாயுள்ள வலையால் மூடி, ஓட்டம் மிகக் குறைந்த இடத்தில் தொட்டிக்குள் இறக்கி வைக்கவேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் ஒவ்வொன்றும் தனக்கு அகப்பட்ட துணுக்கைப் பற்றிக்கொள்ளும். பிறகு அந்தத் துணுக்கின் அடியில் பசையிட்டுப் பாறையில் ஒட்டிவிடலாம். இப்போது பசை கல்லோடு கல்லைச் சேர்க்கிறதேயன்றிப் பவளத்தைத் தொடுவதில்லை. இக்காளான்களுக்கு ஒரு குணமுண்டு. இடம் பிடிக்காவிடில் தாமே பிடியை விட்டு, உடலை ஜலத்தால் உப்பச் செய்து மிதந்துபோய்விடும். பிடிவாதமாய் அதே இடத்தில் திரும்பத் திரும்ப ஒட்டுவது வீண். வெளிச்சமோ ஓட்டமோ அதிகம் என்று உணர்ந்து, நிழலும் அமைதியும் உள்ள இடத்துக்கு மாற்றவேண்டும்.

சீனியா என்னும் வகை மூடித் திறக்கும் கைபோலத் தன் உணர்கொம்புகளை ஓயாது அசைத்துக்கொண்டிருப்பது. பார்ப்பதற்கு வெகு அழகு. அதன் தண்டு மிகவும் மெத்தென்றிருப்பதால் குத்தினாலும் இறுக்கினாலும் கூழாகிவிடும். அதனைக் கல்லோடு அணைத்தாற்போல் சாய்த்து வைத்தால் போதும். சில நாளில் தானே தவழ்ந்து ஏறிக்கொள்ளும். ஊதா நிறப் பாயின்மேல் பச்சை நட்சத்திரங்களாய் மலரும் பிரையேரியம் வகைக்கோ பசையும் ஏற்கும், கட்டும் ஏற்கும். அதைப் பற்றச் செய்வது எளிது. பின்னர் அது பாறை முழுவதும் பரவாமல் தடுப்பதே அரிது.

பொத்தான் வகைகளாகிய சோயாந்தஸ், பாலித்தோவா இவற்றின் அடியிலுள்ள பாயை, அது படர்ந்த கல்லின் சிறு சில்லோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்து, அடியை மெல்லிய துணியால் ஒற்றி ஈரம் வாங்கி, கெட்டியான சயனோ அக்ரிலேட்டுப் பசையை இட்டுப் பாறையில் அழுத்திச் சற்று நேரம் பிடித்துக்கொள்ளவேண்டும். இப்பசை ஈரத்தாலேயே இறுகுவது, ஜலத்தினுள்ளும் கெட்டிப்படும். ஆனால் பாலிப்பின் வாயைப் பசை மூடாதிருக்கவேண்டும்.

இவ்விடத்தில் வாசகர்கள் நின்று நிதானித்துப் படிக்கவேண்டுகிறோம். பொத்தான் வகைகள் பலவற்றில், சிறப்பாகப் பாலித்தோவாவில், பாலிடாக்ஸின் என்னும் கடுவிஷம் இருக்கிறது. ஹவாய் நாட்டு மாவி தீவில் இத்தகைய பிராணியை ஈட்டி முனையில் தடவினால் தைத்தவன் மடிவான் என்று பழங்கதை வழங்கிவந்தது. அதே பிராணியைக்கொண்டு ஆராய்ந்த ரசாயன அறிஞர்கள் 1971-இல் இவ்விஷத்தைப் பிரித்தறிந்து வெளியிட்டனர். கையில் வெட்டுக்காயமோ வெடிப்போ இருக்க இதனைத் தொடுவது ஆபத்து. உறையின்றித் தொடலாகாது, வெட்டும்போது துளி தெறிக்குமாதலால் கண்ணுக்கும் காப்பு அவசியம். எல்லாவற்றையும்விடக் கொடியது, பாறையைச் சுத்தம் செய்யும் நோக்கத்துடன் அதைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ ஆகும். எழும் ஆவியோடு விஷமும் கலந்து மூச்சில் ஏறி, வீட்டார் யாவரும் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சம்பவங்கள் அயல்நாடுகளில் பலமுறை நேர்ந்திருக்கின்றன. குழந்தைகள் உள்ள வீட்டில் இவ்வகையை வளர்க்கவே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம். அழகுக்கு வேறு வகைகள் எத்தனையோ உண்டு.

பற்றியபின் பேணுதலில் வெளிச்சமும் ஓட்டமும் முக்கியம். புதிதாய் வந்த துண்டைத் தொட்டியின் அடித்தளத்தில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாய் மேலேற்றவேண்டும். நாற்றங்காலின் நிழலிலிருந்து எடுத்த கன்றை உச்சி வெயிலில் நடுவாருண்டோ? விளக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி வரை எரிந்தால் போதும். ஓட்டம் ஒரே திசையில் ஓயாது அடிக்கலாகாது. மடைவாயில் நின்ற பயிர் சாய்வதுபோல் பவளமும் ஒருபுறம் சாய்ந்து, அடியில் அறுபட்டு விழும். கண்ணாடியிலோ பாறையிலோ மோதித் திரும்பி வரும் அலைவே நல்லது. ஓட்டமே இல்லாவிட்டால் மேலே அழுக்குப் படிந்து அழுகல் தொடங்கும்.

தோல்பவளம் சிற்சில சமயங்களில் தன் பாலிப்புகளை எல்லாம் உள்ளிழுத்துக்கொண்டு, மெழுகு பூசினாற்போல் பளபளத்து, ஒரு வாரம் பத்து நாள் சுருங்கிக்கிடக்கும். இது நோயன்று, பாம்பு சட்டை உரிப்பதுபோல் மேலே படிந்த பாசியையும் அழுக்கையும் ஒரு மெல்லிய ஏடாக உரித்தெறிகிறது. அச்சமயம் ஓட்டத்தைச் சற்று அதிகரித்து ஏடு விலக உதவுவதன்றி வேறொன்றும் செய்யவேண்டுவதில்லை. இதை எழுதுகிறவன் முதன்முதலில் வளர்த்த குடைப்பவளம் இவ்வாறு ஒன்பது நாள் கிடந்தபோது, அழுகிவிட்டதென்று முடிவுசெய்து பிடுங்கி எறிந்துவிட்டான். பாறையில் எஞ்சிநின்ற விரற்கடை அளவு அடித்தண்டு இரண்டு மாதத்தில் மறுபடியும் குடை விரித்தது. மெய்யான அழுகலுக்கு அடையாளம் வேறு: தசை பழுப்பாய்க் குழைந்து கரையும், துர்நாற்றம் வீசும். அப்போது தாமதியாமல் நல்ல பாகம் வரை வெட்டி, கெட்டதைக் களைந்து, மிஞ்சியதை வேறு கல்லில் கட்டவேண்டும்.

மென்பவளங்கள் தமக்குள் அண்டை அயலாரோடு ஒத்து வாழ்வன அல்ல. கல் அரணோ கூரிய கொட்டுமுள்ளோ இல்லாத குறையை அவை ரசாயனத்தால் தீர்த்துக்கொள்கின்றன. தோல்பவளம் ஜலத்தில் கசியவிடும் டெர்ப்பீன் பொருள்கள் பக்கத்திலுள்ள கற்பவளத்தின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆகையால் செடிக்குச் செடி இடைவெளி விடுவதுபோல் இங்கும் ஒரு சாண் இடமாவது விட்டு, தொட்டியில் நல்ல கரியை வைத்து மாதந்தோறும் மாற்றிவரவேண்டும். வெட்டிய நாளில் புதுக் கரி வைப்பது மிகவும் அவசியம்.

பூச்சிகளைப் பொறுத்தமட்டில், பொத்தான் வகையைத் தின்னும் சிறு சுழல் நத்தையும், தான் தின்னும் பாலிப்பின் நிறத்தையே தனக்கும் கொண்டு மறைந்திருக்கும் ஓடில்லா நத்தையும் முக்கியமானவை. வாங்கிய துண்டை அதற்குரிய மருந்து ஜலத்தில் முக்கி, வேறு பாத்திரத்தில் சில வாரம் வைத்துப் பார்த்த பின்னரே பெருந்தொட்டியில் சேர்க்கவேண்டும். எய்ப்டேசியா என்னும் கண்ணாடி நிறக் கடற்சாமந்தி களைகளுள் தலையானது. அதைக் கிள்ளினால் கிள்ளிய துணுக்கெல்லாம் முளைக்கும். கோரையைக் கொத்திவிட்டவர் அடுத்த மழைக்குப் படும் பாடு நினைவுக்கு வரும். அதனை விரும்பித் தின்னும் இறால் வகையொன்று உண்டு. அதை விடுவதே சிறந்த வழி.

இப்பொழுது சட்டத்தைக் கூறுவோம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001-இல் பாரமைக்கும் கற்பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், தீப்பவளம், குழற்பவளம், கடல்விசிறி ஆகியவையும் சேர்க்கப்பட்டன. இவற்றை எடுப்பதும் விற்பதும் பெருங்குற்றம். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையேயுள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கு உயிருள்ள எதனையும் அனுமதியின்றி எடுக்கலாகாது. மென்பவளம் ஒட்டியிருக்கும் கல்லும் பெரும்பாலும் செத்த கற்பவளமே என்பதைக் கவனிக்கவேண்டும். துண்டைக் கல்லோடு பெயர்ப்பவன் இரண்டையும் பெயர்க்கிறான். சுண்ணாம்புக்கும் ஆலைக்குமாகப் பல்லாண்டு பவளக்கல் வெட்டிய அக்கடலில் அந்த 21-இல் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் ஜலத்தில் மூழ்கிவிட்டன. ஆதலால் தொட்டிக்கு வேண்டிய துண்டை, தொட்டியில் வளர்த்துப் பெருக்கியவரிடமிருந்தே வாங்கவேண்டும். இன்ன இடத்தில் வளர்ந்தது என்று எழுதித் தராத வியாபாரியிடம் வாங்காமலிருக்கவேண்டும். கரையோரக் கிராமங்களில் மூட்டையிலோ குளிர்ப்பெட்டியிலோ பவளக்கல் கொண்டுசெல்வோரைக் கண்டால் வனத்துறையினருக்கு அறிவிப்பது கிராம அதிகாரிகளின் கடமை.

எடுப்பதைவிட, கொண்டுபோய் விடுவதால் விளையும் தீங்கு சிறிதன்று. சீமைக் கருவேலையும் ஆகாயத்தாமரையையும் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. கீழைக் கடலுக்குரிய யூனோமியா என்னும் மென்பவளம், சீனியாவுக்கு உறவானது. தொட்டி வியாபாரத்தின் வழியே தென்னமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டுக் கரையில், மொச்சிமா தேசியப் பூங்காப் பக்கத்தில், இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் கடலில் புகுந்து, அங்குள்ள கற்பவளத்தின்மேலும் கடற்புல்லின்மேலும் பாய்விரித்தாற்போல் படர்ந்துவிட்டது. வேரிலிருந்து களைவதற்கு அங்குள்ளவர்கள் பாடுபடுகின்றனர்; அறுந்த துணுக்கு ஒவ்வொன்றும் மீண்டும் பற்றிக்கொள்கிறது. தொட்டியில் அதனைப் பற்றச் செய்ய நாம் படும் பாட்டையும் இதனையும் சேர்த்து எண்ணிப் பார்க்கவேண்டும். நமது மன்னார் வளைகுடாவிலும் குருசடைத் தீவையடுத்து, வளர்ப்புக்கெனக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி பவளத்தின்மேல் ஏறிப் படர்ந்ததைப் பலர் அறிவர்.

ஆகவே தொட்டியில் மிகுந்த துண்டுகளை வேறு வளர்ப்பாளர்க்குக் கொடுக்கலாம். கடலிலோ கழிமுகத்திலோ விடலாகாது. யாருக்கும் வேண்டாத துண்டை, கையுறை அணிந்து, சலவைக்கு உபயோகிக்கும் குளோரின் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டபின் குப்பையில் சேர்க்கவேண்டும். பாலித்தோவாவின் விஷமும் அக்கரைசலில் கெட்டுவிடுகிறது. வாரந்தோறும் தொட்டியிலிருந்து பத்தில் ஒரு பங்கு ஜலத்தை மாற்றவேண்டியிருக்கும். அந்தப் பழைய உப்பு ஜலத்தைக் கொல்லைச் செடிக்கோ, வாய்க்காலுக்கோ, கிணற்றடிக்கோ விடாமல், வீட்டுக் கழிவுநீரோடு கலந்து செல்லும்படி சாக்கடையில் ஊற்றுக.